ஆள் இருந்தால் எரியும்

ஹீட்டர் மறுபடியும் அணைந்திருந்தது.

அதற்கு நேர் எதிரே, இரண்டடி தள்ளி, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கணவன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். கைகள் முழங்காலில். பார்வை ஹீட்டரின் மேல். எரிகிற ஹீட்டரின் முன்னால் ஒருவன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படியேதான் இருந்தான். தேநீரோடு சமையலறையிலிருந்து வந்தவள் அறைக்குள் கால் வைத்ததும் ஹீட்டருக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளே ஏதோ முனகியது. கம்பிகளில் செந்நிறம் மெல்லப் பரவி, தூசி கருகும் வாசனை அறையில் எழுந்தது.

"எப்ப அணைஞ்சுது?"

"நீ எந்திரிச்சுப் போன கொஞ்ச நேரத்துல."

"கையக் கிய்ய ஆட்டியிருக்கலாம்ல."

"ஆட்டினேன்," என்றான். குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான்.

கொதிக்கக் கொதிக்க இருந்த டம்ளரை அவன் இரண்டு கைகளாலும் வாங்கி உள்ளங்கைகளுக்குள் பொதித்துக்கொண்டான். அவள் தன் டம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி நாலு வாய் குடித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவன் டம்ளரில் ஆவி நின்றுபோயிருந்தது. அவன் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

அந்த ஹீட்டரை வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவசரத்தில் வாங்கியதும் இல்லை. அவள் வேலை பார்ப்பது ஒரு கோல்ட் ஸ்டோரேஜில். மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் உறைந்து கிடக்கும் பதினோரு அறைகளின் வெப்பநிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. குளிரால் சோறு தின்பவள். எந்தக் கருவியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். கடைக்குப் போகுமுன் படுக்கையறையை டேப் வைத்து அளந்து, நீளம், அகலம், ஜன்னல் ஒன்று, வீட்டில் ஆறு வயதுக் குழந்தை என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுதான் போனாள்.

கடைக்காரர் அந்தச் சீட்டைப் பார்த்து அசந்துபோனார். "பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்வளவு விவரம் எழுதிட்டுப் போக மாட்டாங்கம்மா," என்றார்.

முதலில் ஃபேன் ஹீட்டரைக் காட்டினார். சின்னது, தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம், சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் சூடான காற்று வரும். ஆனால் வீட்டுக்குள் லாரி நிற்பதுபோல ஒரு இரைச்சல், தொண்டையும் காய்ந்துவிடும். ஆயில் ஹீட்டர் சத்தமே போடாது, குழந்தை தொட்டாலும் பெரிய மோசமில்லை. ஆனால் அறை சூடேற ஒரு மணி நேரமாகும். ஒரு மணி நேரம் காத்திருக்கும் நிலையில் அவள் இல்லை. கம்பி ஹீட்டர் உடனே சுடும், எதிரே உட்கார்ந்தவருக்கு வெயிலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் போர்வை பட்டால் போச்சு. குழந்தை இருக்கிற வீட்டில் கம்பியைக் கொண்டுபோய் வைக்கலாமா என்று அவள் யோசித்தாள்.

"அப்ப இதப் பாருங்க," என்று அவர் உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். "இதுவும் கம்பிதான். சாஞ்சா அணைஞ்சிடும். அது மட்டும் இல்ல, நடுவுல செகப்பா ஒரு பொட்டு தெரியுதா, அதான் கண்ணு. ரூம்ல ஆள் இருந்தா எரியும். ஆள் எந்திரிச்சுப் போயிட்டா அஞ்சு நிமிஷத்துல தானா அணைஞ்சிடும்."

"தூங்குறவங்க அசையாமத்தான படுத்திருப்பாங்க? அணைஞ்சிடாதா?"

"அசைவப் பாக்குறது பழைய மாடல். இது உடம்புச் சூட்டப் பாக்குறது. கல்லு, மண்ணு, கட்டில், பீரோ, இதத் தவிர உசுருள்ள எதுவா இருந்தாலும் கண்டுபிடிச்சிடும். ஒருத்தர் வீட்ல பூனை வந்து வந்து உக்காந்து ராத்திரி பூரா எரிஞ்சிருக்கு. பூனையத் துரத்த முடியலன்னு ஹீட்டரத் திருப்பிக் குடுத்துட்டார்."

அவள் சிரித்தாள். சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதனால்தானோ என்னவோ அதையே வாங்கிவிட்டாள்.

*

ஒரு மாதத்துக்கு முன்னால் நடந்தது இது.

அவனும் அதே கோல்ட் ஸ்டோரேஜில்தான் வேலை பார்த்தான். பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும் அவன் பாடு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து அறையை மூடுகிறவர் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து "ஆள் இருக்கா?" என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தரமும் பத்து எண்ணும்வரை பொறுக்க வேண்டும். யாராவது இருந்தால் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால்தான் கதவை இழுத்து மூடி, பதிவேட்டில் மூன்று டிக் போட வேண்டும். கதவில் ஒரு பலகையும் தொங்கும்: நடுக்கம் இருக்கும்வரை பயமில்லை. நடுக்கம் நின்றால் உடனே வெளியே வரவும்.

இந்த வழக்கம் அவர்கள் வீட்டுக்குள்ளும் வந்து ஒரு விளையாட்டாகிவிட்டது. மகளை எல்லோரும் கூப்பிடுவது வாலு என்றுதான், அவ்வளவு சேட்டை. அவள் துணி அலமாரிக்குள் போய் ஒளிந்துகொள்வாள். அப்பன்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு, மேலதிகாரி மாதிரிக் குரலை மாற்றி, "ஆள் இருக்கா?" என்பான். உள்ளேயிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு "இருக்கேன்" என்று வரும். மூன்று தரம். மூன்றாவதில் கதவைத் திறந்து தூக்கிக்கொள்வான்.

அன்று சாயங்காலம் ஒன்பதாம் அறையின் கைப்பிடியில் கை வைத்தபோது அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வாலுவுக்குக் காய்ச்சல், உடனே வரவேண்டும் என்றார்கள். அவள் மீட்டரைப் பார்த்தாள். மைனஸ் பதினெட்டு. எழுதினாள். கதவை இழுத்தாள். மூன்று டிக் போட்டாள்.

கூப்பிடவில்லை. மூன்று தரம் வேண்டாம், ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை.

விட்டுப்போன கையுறையை எடுக்க அவன் உள்ளே போயிருந்தான். உள்பக்கத்துத் தாழ்ப்பாள் பனியில் இறுகிக் கிடந்தது. வீட்டில் அவள் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, அவனுக்கு ஓவர்டைம் போலிருக்கிறது என்று நினைத்து அப்படியே தூங்கிப்போனாள். விடிந்து அடுத்த ஷிப்ட்டுக்காரர்கள்தான் திறந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அவளை உட்காரவைத்துச் சொன்னார். "இப்படிக் குளிர்ந்துபோய் வர்றவங்கள, சூடாக்கிப் பாக்காம நாங்க செத்துட்டாங்கன்னு சொல்ல மாட்டோம். சூடாக்கிட்டு இருக்கோம். பொறுங்க." இரண்டு மணி நேரம் கழித்து அவரே ஓடி வந்து இதயம் துடிக்கிறது என்றார். எல்லோரும் அதிசயம் என்றார்கள். ஒன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரி பைலில் எல்லா எண்ணும் சரியாக இருந்தது.

விசாரணையில் தாழ்ப்பாள்மேல் பழி விழுந்தது. "நீ மூணு டிக் போட்டிருக்க. உன்மேல ஒரு தப்பும் இல்ல," என்று சூப்பர்வைசர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலோடு உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போனது. அழவேண்டிய இடத்தில் அழுகை வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷமும் வரவில்லை. ஒரு பயம் மட்டும் இருந்தது. ஒருநாள் அவன் கேட்பான் என்ற பயம். அவன் கேட்கவில்லை. குளிருது என்பதைத் தவிர அவன் வேறெதுவும் அதிகம் பேசுவதில்லை.

தூக்கத்தில் மட்டும் பேசினான். விளக்கணைத்துச் சற்று நேரமானதும், மல்லாந்து படுத்தபடி, தெளிவாக, "இருக்கேன்," என்பான். பத்து எண்ணும் நேரம் போகும். "இருக்கேன்." மறுபடி பத்து. "இருக்கேன்." அதோடு சரி. அவன் யாருக்குப் பதில் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். யாரும் கூப்பிடவில்லை என்பதும் தெரியும்.

*

மீட்டர் தப்பாகக் காட்டினால் மீட்டரை மாற்று என்பது அவள் வேலையில் முதல் பாடம். ஹீட்டரை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக் கடைக்குத் தூக்கிப் போனாள்.

கடைக்காரர் சுவிட்சைப் போட்டு எதிரே நின்றார். எரிந்தது. அவளையும் அழைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் ஐந்து நிமிடம் கதை பேசினார். அணைந்தது. எட்டிப் பார்த்தார். எரிந்தது. "நல்லாத்தானேம்மா இருக்கு," என்றார். இருந்தும் புதிதாக ஒன்றைக் கொடுத்தார்.

அதுவும் வீட்டில் அவளுக்கு எரிந்தது. வாலுவுக்கு எரிந்தது. பால் போட வந்தவர் வாசலில் நின்றபோது, திறந்திருந்த கதவு வழியாக அவருக்குக்கூட எரிந்தது. அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால், இருட்டு. எதிரே அவன்.

வாலுவுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. அறை வாசலில் நின்று கையை மட்டும் உள்ளே நீட்டி ஆட்டி, "நான் இருக்கேன்," என்பாள். டிக். கம்பிகள் சிவக்கும். அவள் கைகொட்டிச் சிரிப்பாள். "அப்பா, உங்களத் தெரியலையாம் அதுக்கு. என்னத் தெரியுது." அவனும் சிரிப்பான். சிரிக்கும்போது வாயிலிருந்து ஆவி வராது. வாலுவுக்கு வரும், அவள் அம்மாவுக்கும் வரும். அவனுக்கு வராது.

மூன்றாவது ஹீட்டர் வேறொரு கம்பெனியுடையது. கடைக்காரருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. "வீட்ல இதுக்கு எதிர்ல யாரும்மா உக்காருறாங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர ஒரு தரம் கடைக்குக் கூட்டிட்டு வாங்களேன். நானே பாத்துடறேன்."

அவள் சரி என்றாள். கூட்டிப் போகவில்லை. மூன்றாவதும் அணைந்தது. மூன்று மீட்டர் சேர்ந்து பொய் சொல்லாது என்று சூப்பர்வைசர் அடிக்கடி சொல்வார். மூன்றும் ஒன்றையே காட்டினால் மீட்டரை விட்டுவிட்டு அறையைப் பார் என்பார்.

அவள் வேலையிடத்திலிருந்து துப்பாக்கியைக் கொண்டுவந்தாள். பெட்டிகளின் மேல் காட்டிக் குளிரை அளக்கிற துப்பாக்கி. நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கிறார்களே, அந்த வகை. அவன் மல்லாந்து கண்ணை மூடியிருந்தான். ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. சுவரில் காட்டினாள். பதினாலு. பீரோவில் காட்டினாள். பதினாலு. தலையணை ஓரம், பதினாலு. அவன் நெற்றிக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்தினாள்.

பதினாலு.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கைகால் உதற வேண்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். எல்லாம் தெரிந்தது. பயம் மட்டும் வரவில்லை. ஒன்பதாம் அறைக்கு எதிரே எழுதுவதுபோல மனசுக்குள் அந்த எண்ணை எழுதிக்கொண்டாள்.

"எவ்வளவு காட்டுது?" அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"எதுக்கு? வலி ஒண்ணும் இல்லியே."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றதை, சொல்லவேண்டும் என்று நினைக்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு நான் கூப்பிடலங்க."

"தெரியும்," என்றான். "நான் இருக்கேன்னு சொல்லிட்டேதான் இருந்தேன். கதவு சாத்தினதுக்கப்புறமும் சொன்னேன்."

"எம்மேல கோவமில்லையா?"

அவன் யோசித்தான். கோபம் என்றால் என்ன என்று நினைவுபடுத்திப் பார்ப்பவன்போல இருந்தது. "இல்ல. குளிருது. கிட்ட வந்து படு."

அவள் படுத்தாள். வேறென்ன செய்வாள். அவன் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள். அதன்பிறகு தினமும் அப்படித்தான். முதல் நாள் மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது, பற்கள் தந்தியடித்தன. இரண்டாம் நாள் நடுங்கினாள். மூன்றாம் நாளும் நடுங்கினாள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள். முன்பெல்லாம் அவர்கள் இருவருக்கும் நடுவில் படுத்துத் தூங்கிய வாலு, இனி பக்கத்துச் சின்ன அறையில்தான் படுக்க வேண்டும்.

"அப்பாகூடப் படுக்கணும்."

"அப்பாவுக்கு உடம்பு சரியாகட்டும்."

"எப்ப சரியாகும்?"

"ஆகும்போது ஆகும். போய்ப் படு."

குழந்தைக்கு மூன்று போர்வை போர்த்தி, கதவை வெளியே இழுத்துச் சாத்தி, சாத்தியதை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு வருவாள். தான் என்ன ஆனாலும் சரி, அது இந்தக் கட்டிலுக்கு வரக்கூடாது. வாழ்க்கையில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வைராக்கியம் அதுதான்.

*

பத்து நாள் போயிருக்கும். ஒன்பதாம் அறையில் பெட்டி எண் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து சூப்பர்வைசர் அதட்டினார்.

"கையுறை எங்க?"

குனிந்து பார்த்தாள். இரும்புத் தட்டை வெறுங்கையால் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாள் என்று தெரியவில்லை. எடுத்தபோது உள்ளங்கைத் தோல் கொஞ்சம் தட்டிலேயே தங்கிவிட்டது. ரத்தம் வரவில்லை.

"உனக்குக் குளிரல?"

"இல்ல சார்."

அவர் அவளை வெளியே இழுத்து வந்து, கதவுப் பலகையை விரலால் தட்டிக் காட்டினார். "படி. சத்தமாப் படி." அவள் படித்தாள். நடுக்கம் நின்றால் உடனே வெளியே வரவும். "நாலு நாள் லீவு எடுத்துக்க. வீட்ல நல்லா சூடா இரு," என்றார்.

சூடா இரு என்று அவர் சொன்னது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்தாள். சட்டைப்பையில் துப்பாக்கி இருந்தது. வாசலில் நின்றபடியே தன் மணிக்கட்டில் காட்டி அழுத்தினாள்.

பதினாறு.

பழக்கதோஷம். துப்பாக்கியைக் குலுக்கினாள். பேட்டரியைக் கழற்றிப் போட்டாள். மறுபடி அழுத்தினாள். பதினாறு. மூன்றாவது தரம் அழுத்தவில்லை.

உள்ளே போனாள். அவன் நாற்காலியில் இருந்தான். ஹீட்டர் அணைந்திருந்தது. அவள் அறைக்குள் கால் வைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொரு அடி வைத்தாள். சிவப்புப் பொட்டு அவளைப் பார்த்தது. கையை ஆட்டினாள். குனிந்து, முகத்தை அதன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். கம்பிகள் கறுப்பாகவே இருந்தன. சுவர் கடிகாரம் ஓடியது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"உனக்கும் இல்லையா?" என்றான் அவன்.

"இல்ல."

"வா. வந்து படு."

*

சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. காற்று ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் கட்டிலில் பக்கம் பக்கமாக மல்லாந்து கிடந்தார்கள். பேச ஒன்றுமில்லை. குளிரவும் இல்லை. அவளுக்கு அது நிம்மதிபோலக்கூட இருந்தது. குழந்தைக்குச் சோறு கொடுத்தோமா என்று ஒரு நினைவு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. சின்ன அறைக் கதவைச் சாத்தினோமா என்று இன்னொன்று வந்தது. அதுவும் போனது.

வெறுங்கால் தரையில் பதியும் சத்தம்.

"அம்மா. என் ரூம் குளிருது."

டிக். முனகல். செந்நிறம் ஏறியது. அத்தனை நேரம் இருட்டாகக் கிடந்த அறையில் வாசல், பீரோ, கட்டில் கால், போர்வையை இழுத்துக்கொண்டு நிற்கும் வாலு, எல்லாம் சிவப்பாகத் தெரிந்தன. தூசி கருகும் வாசனை வந்தது.

"பாத்தீங்களா. எனக்கு மட்டுந்தான் எரியும்," என்றாள் பெருமையாக. பற்கள் அடித்துக்கொண்டதில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது.

உன் ரூமுக்குப் போ. அதைத்தான் சொல்ல வேண்டும். தினமும் சொல்வதுதான். நாக்கில் வந்து நின்றது. போ. ஒரே எழுத்து.

அவன் போர்வையின் ஓரத்தைத் தூக்கினான்.

குழந்தை ஓடிவந்து கட்டிலில் ஏறி, இத்தனை நாளாக அதற்கு மறுக்கப்பட்ட இடத்தில், இருவருக்கும் நடுவில், புகுந்துகொண்டது. "ஐயோ, அப்பா ஜில்லுனு இருக்கீங்க. அம்மாவும்." அவன் மகளை ஒரு பக்கம் அணைத்தான். அவள் விரல்கள் தாமாகப் போய்க் குழந்தையின் வயிற்றில் படிந்தன.

சுட்டது.

எத்தனை நாளாயிற்று. விரல் நுனிகளில் ஊசி ஊசியாகக் குத்தியது. உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை என்று உயிர் ஏறியது. வலித்தது. வலி அவ்வளவு இதமாக இருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக வராத அழுகை கண்ணோரத்தில் சூடாக முட்டியது. அவள் இன்னும் நெருங்கினாள். முகத்தைக் குழந்தையின் பிடரியில் புதைத்தாள். காலைக் காலோடு பின்னினாள். விடு, தள்ளிப் படு, கொண்டுபோய்க் கதவைச் சாத்து என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அது அவளுடைய குரல்தான். வெகு தூரத்தில், ஒரு கனத்த கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"இதுக்குப் போய் எத்தனை ஹீட்டர் மாத்தின," என்றான் அவன், குழந்தையின் தலைக்கு மேலாக. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவன் குரலில் சிரிப்பு இருந்தது இப்போதுதான். "இவ இருந்தா போதும்."

வாலு நடுங்கினாள். நடுங்கிக்கொண்டே கதை சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாரோ யாருடைய பென்சிலையோ எடுத்த கதை. பாதியில் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறந்துவிட்டது என்றாள். அவர்களின் கைகள் இருபுறமிருந்தும் இறுகின.

டிக்.

கம்பிகளில் செந்நிறம் இறங்கியது. ஆரஞ்சு. சாம்பல். கறுப்பு. சிவப்புப் பொட்டு மட்டும் இருட்டில்.

"ஏன் அணைஞ்சுது?" வாலு பிடியிலிருந்து நெளிந்து எழுந்து உட்கார்ந்தாள். "நான் இங்கதான இருக்கேன்."

கையை நீட்டி ஆட்டினாள். "நான் இருக்கேன்."

ஒன்றுமில்லை.

"அம்மா, பாரும்மா." இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். "நான் இருக்கேன்."

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று தெரிந்தது. அவள் கை குழந்தையின் இடுப்பைச் சுற்றி இருந்தது. அந்தக் கை விடவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது.

பத்து எண்ணும் நேரம் போனது.

"நான் இருக்கேன்," என்றாள் வாலு, மூன்றாவது தரம், இருட்டைப் பார்த்து. இந்தத் தடவை அவள் குரலில் நடுக்கம் நின்றிருந்தது.